எழுந்து போனவர்களுக்காகச் சில வார்த்தைகள்: திரைப்படக் கழகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நீங்கள் திரையிட்ட ‘என்டர் தி வாய்ட்’ படத்தைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். எனக்குப் படம் பிடித்திருந்தது. ஆனாலும் இந்த மடலைப் பாதியில் எழுந்து போனவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். படம் முடிந்ததும் நடந்த கலந்துரையாடலில், “மசாலாப் படம் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஏறாது” என்று மேடையிலிருந்து ஒருவர் சொல்ல, கூட்டமும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நியாயமே இல்லை.

2009-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில், போட்டிப் பிரிவில் காட்டப்பட்ட நாளிலிருந்தே, தலையில் தூக்கி வைத்தவர்களும் தாங்க முடியாமல் நொந்துபோனவர்களும் இந்தப் படத்துக்கு உண்டு. இயக்குநர் கஸ்பார் நோயே எடுத்த விதம் அப்படி. டோக்கியோவில் போதைப்பொருள் விற்றுப் பிழைக்கும் ஆஸ்கரின் கண் வழியாகவே தொடக்கம் முழுவதையும் பார்க்கிறோம். அவன் இமைத்தால் திரையும் இமைக்கிறது. அவன் முகம் தெரிவது கண்ணாடியில் மட்டும்தான். ‘தி வாய்ட்’ என்ற பாரின் கழிப்பறைக்குள் போலீஸ் சுட்டு அவன் சரிந்ததும், கேமரா மெல்ல உடலை விட்டு மேலே எழுகிறது. அப்புறம் சுவரும் கூரையும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நியான் விளக்குகளுக்கு மேலே மிதந்தபடி, தங்கை லிண்டாவையே சுற்றிச் சுற்றி வருகிறது. நடுநடுவே அவர்கள் சிறுவயதில் சிக்கிய கார் விபத்து. முன்சீட்டில் அப்பா அம்மா, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள், எதிரே லாரி. ஒரு முறை காட்டிவிட்டு நோயே விடுவதில்லை, திரும்பத் திரும்ப அதே சீட்டில் நம்மை உட்கார வைக்கிறார். அந்தச் சிறுமியின் அலறல் ஒவ்வொரு முறையும் முன்பைவிட நீளமாகக் கேட்பதுபோல் எனக்குத் தோன்றியது. டாஃப்ட் பங்க் இசைக்குழுவின் தோமா பங்கால்டர் ஒலி அமைப்பில் செய்திருக்கும் வேலையும் சேர்ந்து, வயிற்றுக்குள் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. உடம்பைப் படுத்துவதற்கென்றே எடுத்த படத்தில் உடம்பு ஒத்துழைக்காமல் ஒருவர் வெளியே போனால், அவருக்குப் படம் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

நீளமும் அப்படித்தான். 161 நிமிடம். கடைசி ஒரு மணி நேரத்தில் எனக்கே இரண்டு மூன்று முறை கடிகாரத்தின் மேல் கண் போனது. ஏழாவது ரீலை மட்டும் அப்படியே தூக்கிவிட்டு ஓட்டக்கூடிய குறுகிய பதிப்புக்கு இயக்குநரே ஒத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் முழுப் பதிப்பைக் காட்டியதற்கு நன்றி. பிணவறையில் ஆஸ்கர் விழித்து, தான் உயிரோடிருப்பதாக நினைத்துக்கொள்வது அந்த ரீலில்தான் வருகிறது. லிண்டா கொட்டும் அவனுடைய சாம்பலோடு கேமராவும் தொட்டியின் ஓட்டைக்குள் இறங்குவதும் அதில்தான். அது இல்லாவிட்டால் சாவின் கனம் பாதி குறைந்துவிடும். ஆனால் நீளம் என்று முனகியவரை ரசனை கெட்டவர் என்று சொல்லும் முன், இயக்குநர் செய்த சமரசத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

எனக்கு உண்மையில் கோபம் உங்கள் நோட்டீஸ் மேல்தான். ‘மறுபிறவியைப் பேசும் ஆன்மிகப் படம்’ என்று போட்டிருந்தீர்கள். அதை நம்பி ஒரு பெரியவர் வீட்டம்மாவையும் அழைத்து வந்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் செய்து பழகிய நமக்கு, செத்தவன் வீட்டைச் சுற்றி வருகிறான் என்றதும் அந்தப் பக்கம்தான் மனம் போகும். படத்திலோ நிர்வாண நடனம், கருக்கலைப்பு, லவ் ஹோட்டல் அறைகள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்கரின் நண்பன் அலெக்ஸ் படத்தில் விளக்கும் திபெத்திய மரண நூல், சாவுக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலைகளைச் சொல்வது; 1927-இல் ஆங்கிலத்தில் வந்து, 1964-இல் அமெரிக்க உளவியலாளர் டிமோதி லியரியும் கூட்டாளிகளும் எல்எஸ்டி என்ற போதைப்பொருளின் அனுபவத்துக்குக் கையேடாக மாற்றி எழுதியது. ஆஸ்கரின் கைக்கு அது வருவதும் கோயில் வழியாக அல்ல, அந்தப் போதைப் பண்பாட்டின் வழியாகத்தான். நோயேவுக்கு மறுபிறவியில் நம்பிக்கை கிடையாது. அந்த நூலைப் படித்துவிட்டு, போதையில் இருக்கும்போது குண்டடி பட்ட பையன் ஒருவன் காணும் கனவு என்றே அவர் படத்தை விளக்கியிருக்கிறார். கடைசியில் வரும் பிறப்பை மறுபிறவியாக எடுத்துக்கொள்கிறவர் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். நோட்டீஸிலேயே அதை முடிவு செய்யும் வேலை கழகத்துக்கு எதற்கு?

இன்னொன்று, இதில் விளையாடக் கூடாது. தலைப்பு எழுத்துகளே கண்ணைப் பறிக்கும் வேகத்தில் வெட்டி வெட்டி வருகின்றன, படம் நெடுகிலும் வெளிச்சம் துடிக்கிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் போகிமான் கார்ட்டூன் தொடரின் ஒரே ஒரு பாகத்தில் மின்னிய வெளிச்சத்தால் ஏறத்தாழ 700 பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது, பெரும்பாலும் குழந்தைகள். வலிப்பு வரக்கூடியவர்கள் பார்க்க வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு படம் போடும்போது வெளிச்சம், வயது வரம்பு, எத்தனை நிமிடம் என்பதை நோட்டீஸில் முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் போடுங்கள். எழுந்து போக நினைப்பவர் யார் காலையும் மிதிக்காமல் போவதற்கு ஓரத்து நாற்காலிகளைக் காலியாக விடுங்கள். கலந்துரையாடலுக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். எந்த இடத்தில் எழுந்தார்கள், ஏன் எழுந்தார்கள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கழக உறுப்பினர் ஒருவர்