அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

வியாழக்கிழமை மாவட்டப் பக்கத்தில், குடித்துவிட்டு மனைவியை அடித்தவர் கைதான செய்தியின் கடைசி வரி: "ஒன்றும் அறியாத சிறுமி மூலையில் அமைதியாக உட்கார்ந்திருந்தாள்." ஒன்றும் அறியாத என்று எழுத எப்படி ஐயா மனசு வந்தது? இருபது வருஷமாகத் தங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். இப்படி நொந்ததில்லை.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் பிறந்தவள் நான். 1981-இல் சாராயக் கடை திறந்த மறு வருஷம் எனக்கு ஒன்பது வயது. அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படி என்று தெரிந்துவிடும். ஒரே இழுப்பில் போட்டால் சோறு உண்டு. ரெண்டு மூன்று தரம் உரசினால் தம்பியை எழுப்பிப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் விட்டுவிடணும். நடந்தே வந்தால் சைக்கிள் அடமானத்துக்குப் போய்விட்டது.

அம்மா பீடித் தட்டை மடியில் வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். இலை காய்ந்துபோகும். பேய் பிடித்திருக்கிறது என்று கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். மனச்சோர்வு என்ற வார்த்தையே எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. மிச்சப் பீடியை நான் சுற்றினேன். "பொறுப்பான பிள்ளை" என்றார்கள். என்னால்தான் அம்மா பேச மாட்டேன் என்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்ததை ஒருத்தரும் கேட்கவில்லை. இன்றைக்கும் ராத்திரி வாசலில் வண்டி நின்றால் வயிறு இறுகுகிறது.

பெற்றோரின் குடியும் வீட்டில் இருக்கும் மனநோயும் பிள்ளையின் உடம்பை வளர்ந்த பிறகும் விடுவதில்லை என்று 1998-இலேயே அமெரிக்க ஆய்வு வந்துவிட்டது. தாங்கள் அறியாததல்ல. முரட்டுப் பிள்ளையை வகுப்பில் கண்டுபிடித்துவிடலாம். வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிடுகிற பிள்ளையைத்தான் பள்ளி ஆசிரியர்களான நாங்கள் தவறவிடுகிறோம்.

2003-இலிருந்து அரசே மதுபானச் சில்லறைக் கடை நடத்துகிறது. தீபாவளிக்குத் தீபாவளி எத்தனை கோடி விற்றது, எந்த மண்டலம் முதலிடம் என்று போடுகிறீர்கள். அந்த ராத்திரி எத்தனை பிள்ளைகள் தூங்கவில்லை என்று ஒரு வருஷமும் போட்டதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். இப்படிப்பட்ட செய்திக்குக் கீழே குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்று கட்டம் கட்டிப் போடுங்கள். இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் உண்டு. நாலாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை,
சேரன்மகாதேவி வட்டம்