அட்டையில் எழுதினால் போதாது, பில்லில் கழியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுற்றுச்சூழலுக்கு உகந்த ஹோட்டல்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தங்க வருபவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று முடித்திருந்தீர்கள். கோத்தகிரியில் ஆறு அறை லாட்ஜ் ஒன்றை நானும் கணவரும் நடத்துகிறோம். விழிப்புணர்வுக்கெல்லாம் குறைச்சலே இல்லை. மாடியில் சோலார் ஹீட்டரைப் பார்த்து "சூப்பர்ங்க, எல்லாரும் இப்படிப் பண்ணணும்" என்றவர்தான் அறைக்குப் போன பத்தாவது நிமிடம் போன் போட்டு, சுடுதண்ணீர் வர இவ்வளவு நேரமா என்று கேட்கிறார். அதுவரை ஓடும் பச்சைத் தண்ணீரை பக்கெட்டில் பிடித்து வைக்கச் சொல்லி எழுதி ஒட்டியிருக்கிறோம், பிடிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நீலகிரியில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்று தெரிந்துதான் மலையேறுகிறார்கள். அப்படியும் ஜக்கில் காய்ச்சின தண்ணீர் வைத்தால், "சீல் பாட்டில் இல்லையா, காசு கொடுத்துடறோம்" என்பார்கள். கைக்குழந்தையோடு வருபவர்கள் பயப்படுவதில் தப்பில்லை. அதனால் ஃபில்டரை சமையலறையிலிருந்து எடுத்து ஹாலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினோம், கேட்பது குறைந்துவிட்டது.

துண்டு விஷயத்தில் மட்டும் நான் தங்க வருபவர்கள் கட்சி. 'பூமியைக் காக்க இந்தத் துண்டை மறுபடியும் பயன்படுத்துங்கள்' என்று அட்டை வைக்கிறோம், மிச்சமாகிற சலவைக் கூலியோ எங்கள் கல்லாவுக்குப் போகிறது. இது அவர்களுக்குப் புரியாதா என்ன? (ஆடி மாத மூடுபனியில் துண்டு காயவே காயாது என்பது தனிக் கதை.) 2008-ல் சியால்டினி உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஹோட்டலில் இதைச் சோதித்து எழுதினார்கள். சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற அட்டைக்கு நூற்றுக்கு 35 பேர் இணங்கினார்கள், இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்று எழுதியதும் அது 44 ஆனது. பூமிக்கு இல்லாத செல்வாக்கு பக்கத்து அறைக்காரருக்கு!

எங்கள் ஊர் டாஸ்மாக்கையே பாருங்கள். 2022 மே மாதத்திலிருந்து நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் எங்கள் லாட்ஜுக்குப் பின்பக்கச் சரிவில் செருப்பில்லாமல் இறங்க முடியாது, அவ்வளவு கண்ணாடிச் சில்லு, காட்டெருமை நடக்கிற வழி வேறு. இப்போது பெரிய காரில் வந்திறங்குகிற மனிதரும் காலி பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு நடக்கிறார். யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை, அவர் காசு அவருக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

சரி, நாமும் செய்து பார்ப்போம் என்று போன சீசனில் துண்டும் விரிப்பும் மாற்றச் சொல்லாதவர்களுக்கு நாளுக்கு ஐம்பது ரூபாய் பில்லில் கழித்தோம். முதன்முதலாக ஒரு குடும்பத்துக்குக் கழித்துக் கொடுத்த அன்றே எதிர் அறைக்காரர் கீழே இறங்கி வந்து, எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கு நின்றார்.

— ஒரு வாசகி, கோத்தகிரி