தலை மட்டும் மிஞ்சிய சுறாவை எங்கே பதிவு செய்வது?

மதிப்பிற்குரிய கடல்வளப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கேரளத்தின் பொழியூருக்கும் தமிழ்நாட்டின் நீரோடிக்கும் இடைப்பட்ட எங்கள் கரையில் சென்ற வாரம் தாங்கள் நடத்திய கூட்டத்தில், தென்னாப்பிரிக்கக் கடலில் ஓர்க்காத் திமிங்கலங்கள் சுறாக்களை வேட்டையாடுவதை விளக்கினீர்கள். 2017இல் கான்ஸ்பாய் கரையில் ஈரலை இழந்த வெள்ளைச் சுறாக்கள் ஒதுங்கியதையும், 2023இல் மோசல் விரிகுடாவில் ‘ஸ்டார்போர்ட்’ என்னும் ஓர்க்கா தனியாகவே ஓர் இளம் வெள்ளைச் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் வீழ்த்தியதையும் எங்கள் பெரியவர்கள் அசையாமல் கேட்டார்கள். சுறா ஈரலை உருக்கி வள்ளத்துக்குப் பூசியவர்கள் அவர்கள். எண்ணெய் நிறைந்த அந்த ஈரலை ஓர்க்கா ஏன் தேடுகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இங்கும் இப்படிக் கண்டதுண்டா என்று கேட்டீர்கள். பலர் கை உயர்த்தினார்கள். ஒருவர் சொன்னதுகூடக் குறிக்கப்படவில்லை.

என் அண்ணனின் ஆயிரங்கால் தூண்டிலில் (பல கொக்கிகள் கோத்த நீண்ட கயிற்றில்) தலை மட்டும் மிஞ்சிய சுறா ஒன்று ஏறியது. அவர் அதைப் பனிக்கட்டியில் பொதிந்து, கொச்சியில் கரையேறியதும் உரிய அதிகாரியிடம் காட்டினார். படகு தமிழ்நாட்டுப் பதிவு, அங்கே போங்கள் என்றார்கள். ஊர் திரும்பிக் கேட்டபோது, மீன் கேரளத்தில் இறங்கியது, அங்கேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். நிரப்பக் கிடைத்த படிவமும் தமிழில் இல்லை. நான்காம் நாள் நாற்றம் தாங்காமல் அந்தத் தலையை மணலில் புதைத்தோம்.

அது ஓர்க்காவின் வேலைதான் என்று நான் சாதிக்கவில்லை; வேறொரு பெரிய சுறாவாகவும் இருக்கலாம். பல்தடத்தைப் பார்த்திருந்தால் ஏதேனும் தெரிந்திருக்கும். இலங்கைக் கடலில் ஓர்க்காக்கள் தென்படுவது பதிவாகியிருக்கும்போது, அதே கடலில் தூண்டில் போடும் எங்கள் சொல்லுக்கு ஓர் இடம் இல்லாமல் போவது எப்படி?

2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதை ஏற்றோம். சுறா காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கள் தூண்டிலில் விழுவதைக் கணக்கெடுப்பவர்கள், எங்கள் கண்ணில் படுவதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விடுவது எங்களை வருத்துகிறது.

ஆகவே பணிவுடன் கேட்கிறேன்: படகு எங்கே பதிவானது, மீன் எங்கே இறங்கியது என்று பார்க்காமல், கடிபட்ட சுறாவையும் கண்ட திமிங்கலத்தையும் தமிழிலேயே எழுத ஒரு பதிவேடும், அதைப் படித்துப் பதில் தர ஒருவரும் எங்கள் கரைக்கு வேண்டும். எங்கள் மேற்குக் கரையில் ஜூலை 31இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் ஆழ்கடலுக்குப் புறப்படும் முன் அந்தப் பதிவேட்டைத் தந்தருளுங்கள்.

இப்படிக்கு,
நீரோடிக் கரையிலிருந்து ஒரு மீனவர் குடும்பத்தான்