பழைய ரைபிள் கட்டைக்கு உப்புத்தாள் போடறதுக்கு முன்னாடி

நம்ம கடை வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பெட்டகம், ஊஞ்சப்பலகை, நிலைக்கதவுன்னு பழைய மரத்த சரி பண்ணிக் குடுக்கறதுதான் நம்ம தொழில், அதுக்கு முன்னாடி அப்பா காலத்துல வத்தை, வள்ளம்னு படகு வேலை. இப்ப ரெண்டு மூணு வருஷமா கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்துல இருந்து இன்னொன்னும் வந்துக்கிட்டு இருக்கு, பழைய பட்டாளத்து த்ரீ நாட் த்ரீ (303 லீ என்ஃபீல்டு) ரைபிளோட மரக்கட்டை. வெளிநாட்டுல லைசென்ஸோட வச்சிருக்கற நம்ம ஊரு ஆளுங்க வாட்சாப்ல போட்டோ அனுப்பி "பாய், இது ஒரிஜினலா"ன்னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் அனுப்பி தொண்டை கட்டிருச்சு, அதான் இந்த மடல்.

முதல்ல ஒரு கறாரான விஷயம். கட்டை மட்டும்தான் நாங்க தொடுவோம், குழாய், ஆக்‌ஷன்னு இரும்போட எதுவும் கொண்டு வராதீங்க. 303 நம்ம நாட்டுல தனியாளுக்குத் தடை பண்ணின குழாய் அளவு, 1959 ஆயுதச் சட்டத்துல பாகமும் ஆயுதக் கணக்குலதான் வருது. சுடவே முடியாத பழம்பொருளுக்குச் சலுகை இருக்குங்கறது உண்மைதான், ஆனா எது அந்தக் கணக்குல வரும்னு சொல்ற அதிகாரம் எனக்கும் இல்ல உங்களுக்கும் இல்ல, கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்க.

இனி விஷயத்துக்கு வர்றேன். இந்த ரைபிள்ல கட்டை ஒரே துண்டு கிடையாது, தோள்ல வைக்கற பட் தனி, குழாய்க்கு அடியில ஓடற முன்கட்டை தனி, கைச்சூடு படாம இருக்க மேல மூடற துண்டு தனி. மூணும் ஒரே கலரா பளபளன்னு இருந்தாத்தான் ஒரிஜினல்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, எனக்கு அப்படிப் பாத்தாத்தான் முதல் சந்தேகமே வரும். பட்டாளத்துல ஒண்ணு ஒடஞ்சா ஸ்டோர்ல இருக்கறத எடுத்து மாட்டிட்டுப் போய்க்கிட்டே இருந்தாங்க. இங்கிலாந்துல முதல்ல வால்நட் மரம், யுத்தத்துல அது தட்டுப்பாடாகி பீச், பர்ச்னு மாறுச்சு, ஆஸ்திரேலியா லித்கோ ஃபேக்டரில அந்த ஊரு குயின்ஸ்லாந்து மேப்பிளும் கோச்வுட்டும் போட்டாங்க. அதனால கலர் மாறி இருக்கறத வச்சு டூப்ளிகேட்னு முடிவு கட்டாதீங்க.

போன மாசம் ஒருத்தர் பட் ஒண்ணு கொண்டு வந்தார். பின்னாடி பித்தளை பிளேட், நம்ம உப்புக்காத்துல பச்சையா களிம்பு ஏறிக்கிடந்துச்சு. மரத்துக்கும் பிளேட்டுக்கும் சேர்ற விளிம்புல நகத்த வச்சு இழுத்துப் பாத்தேன், பித்தளைல நகம் தட்டி நின்னுருச்சு. பித்தளை மேல, மரம் ஒரு நூல் கீழ. ஃபேக்டரில மாட்டும்போது ரெண்டும் சமமா இருக்கும், இல்லன்னா மரம் ஒரு பொடி தூக்கலா இருக்கும், மரம் தாழ்ந்து கிடந்தா எவனோ உப்புத்தாள் போட்டு தேய்ச்சுருக்கான்னு அர்த்தம். பிளேட்டக் கழட்டினா உள்ள மரம் உளி பட்ட தடத்தோட, பழைய எண்ணெய் ஊறிக் கருத்து, அருமையா இருக்கு. வெளிய மட்டும் மெலமைன் அடிச்சு புது டைனிங் டேபிள் மாதிரி. எழுத்து குத்தின எடத்துல தடவுனா பள்ளம் இருக்கா இல்லையான்னே தெரியல. மரம் ஒரிஜினல்தான், ஆனா அதுல இருந்த கதை மொத்தமும் தூசியா போயிருச்சு. பாலிஷ் போட்ட புண்ணியவான் நல்லது பண்றோம்னுதான் நெனச்சிருப்பான் பாவம். அவனத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, ஆரம்பத்துல இதே தப்ப நானும் பண்ணிருக்கேன், ஒருத்தர் குடுத்த கட்டைய நாலு நாள் தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆக்கிக் குடுத்தேன், அவரும் சந்தோஷமா காசு குடுத்துட்டுப் போனார். இன்னைக்கும் ரோட்டுல அவரப் பாத்தா எனக்குத்தான் கூசுது.

குத்தின எழுத்தப் பத்தி. பட்டுக்கு மேல, கழுத்துக்குப் பின்னாடி எல், எஸ், பி-ன்னு ஒரு எழுத்து இருந்தா அது சைஸு. எல் சாதாரணத்த விட அரை இஞ்ச் நீளம், எஸ் அரை இஞ்ச் குட்டை, பி ஒரு இஞ்ச் குட்டை. ஆளோட கை நீளத்துக்குத் தக்கன குடுத்தது, அதப் பாத்து "ஸ்பெஷல் மாடல்"னு எவனாவது வெலை ஏத்தினா நம்பாதீங்க. அம்புக்குறி அரசாங்கச் சொத்துங்கற முத்திரை, ரெண்டு அம்பு முனையோட முனை முட்டிக்கிட்டு நின்னா சர்வீஸ்ல இருந்து வித்துட்டாங்கன்னு அர்த்தம். பட்டோட வலது பக்கம் வட்டமா ஒரு பித்தளைத் தகடு இருந்திருக்கும், 1916ல மார்க் 3 ஸ்டார்ங்கற மாடல் வந்தப்போ பிரிட்டன்ல அத வேணாம்னு விட்டுட்டாங்க. தகடு இல்லாத கட்டைல அது தொலஞ்சு போச்சுன்னு புதுசு வாங்கிப் பதிக்கறவங்களும் இருக்காங்க, என்னத்தச் சொல்ல.

அச்சு உண்மையா பொய்யான்னு பாக்க லென்ஸ் எடுத்துக்குங்க. இரும்பு அச்சால அடிச்சிருந்தா மரநார் நசுங்கி உள்ள மடங்கி இருக்கும், பள்ளத்துக்குள்ள காலங்காலமா எண்ணெயும் அழுக்கும் அடஞ்சிருக்கும். லேசர்ல போட்டது ஓரம் கருகி, எல்லா எழுத்தும் ஒரே ஆழத்துல நிக்கும். கலர் ஏத்தறவன் டீ டிகாஷன், பெர்மாங்கனேட்னு கைல கிடைச்சத அடிப்பான், அது கை படற எடம் படாத எடம்னு பாக்காம ஒரே மாதிரி ஏறும். நெசமான கருப்பு கழுத்துலயும் கன்னம் படற எடத்துலயும்தான் கூடுதலா இருக்கும். இரும்பு வளையம் உக்காந்த எடத்துல துரு மரத்துக்குள்ள எறங்கி நீலக்கருப்பா ஒரு நெழல் விழுந்திருக்கும் பாருங்க, அதப் பாத்தா எனக்குப் பாதி மனசு நெறஞ்சிரும்.

ஒட்டு இருந்தா பயப்படாதீங்க. பட்டாளத்து ஆர்மரர், அதான் ஆயுதம் பழுது பாக்கறவன், ஒடஞ்ச எடத்த மட்டும் அளவா வெட்டி, நார் ஓட்டம் பாத்து துண்டு வச்சு, ஆணி போட்டு அடச்சிருப்பான், நம்ம வள்ளத்து ஆசாரி பலகைக்கு ஒட்டு வைப்பாரே அதே மாதிரி. வங்காளத்து இச்சாப்பூர் ரைபிள் ஃபேக்டரி வேலைல முன்கட்டைய குறுக்கால ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கிருப்பாங்க, அதையும் ஓட்டைன்னு நெனச்சு மக்கு போட்டு அடச்சுட்டு வந்தார் ஒருத்தர்! மாறா, முன்கட்டைய பாதில வெட்டி வேட்டைத் துப்பாக்கி மாதிரி ஆக்கினத திரும்ப ஒட்டி முழுசுன்னு விக்கறது வேற கதை. வளையத்துக்கு அடியில கோடு ஒளிஞ்சிருக்கும், அந்த எடத்தத் தவறாம போட்டோ எடுங்க.

வெளிநாட்டுல முழு ரைபிளா வச்சிருக்கற தம்பிகளுக்கு ஒண்ணு. மார்க் 3 மாடல்ல முன்கட்டையக் கழட்டாம பட்ட இறுக்கற போல்ட்டத் திருகவே கூடாது. போல்ட்டோட சதுர நுனி முன்கட்டைல இருக்கற தகட்டுல மாட்டிருக்கும், திருகினா கட்டை பொளந்துரும்.

"தாத்தா பட்டாளத்துல வச்சிருந்தது"ன்னு சொல்றவங்க கோவிச்சுக்காதீங்க, ரிட்டயர் ஆகும்போது ரைபிளக் கைல குடுத்து அனுப்பற வழக்கம் பட்டாளத்துல கிடையாது. தாத்தா மேல சந்தேகம் இல்ல, கட்டை எப்படி வந்துச்சுங்கறது வேற கதையா இருக்கும்.

அதனால இந்தத் தையில இருந்து ரைபிள் கட்டைக்கு உப்புத்தாள், மெலமைன் வேலை நாங்க எடுக்கறதில்ல. பாத்துச் சொல்றதுக்குக் காசு வேணாம், ஆனா ஒரிஜினல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டோம். ஏற்கனவே அரக்கு பாலிஷ் போட்டிருந்தா ஸ்பிரிட் வச்சு மெதுவா எடுத்து, ஆளிவிதை எண்ணெய் கையால தேய்ச்சுத் தருவோம், அதுக்கு மட்டும்தான் கூலி.

ஐப்பசி கார்த்திகை மழைல மரம் ஊதி இருக்கும், இடுக்கு பாத்துச் சொன்னா தப்பாயிரும், தை பொறந்ததும் கொண்டு வாங்க. பருத்தித் துணில சுத்துங்க, பிளாஸ்டிக் வேணாம், வேர்த்துப் போகும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு மூணு மணிக்கு மேலதான் கடை தொறப்போம்.

இப்படிக்கு,
கடைக்காரர், கீழக்கரை