வாதாம் மரத்துக்கு வந்த ஆபத்து

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. பாண்டி அப்படியேதான் இருக்கிறான், உன் பணத்தைப் பற்றி மட்டும் கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் நிற்கும் வாதாம் மரத்தை வெட்டப் போகிறார்கள். வௌவால் வருகிறதாம். கார் மேல் எச்சம், படிக்கட்டில் கடித்துப் போட்ட காய், போதாததற்கு நிபா காய்ச்சல் பயம். கூட்டத்தில் நான் ஒருத்தன்தான் வேண்டாம் என்றேன். நிபா பயம் பொய்யில்லை, 2018-ல் கோழிக்கோட்டில் அந்தக் காய்ச்சலில் ஆட்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை, பழந்தின்னி வௌவாலிடம் அந்தக் கிருமி இருப்பதும் உண்மைதான். அதற்குக் கடித்த பழத்தைத் தொடாமல் இருக்க வேண்டும், கையைக் கழுவ வேண்டும். மரத்தைச் சாய்த்தால் வௌவால் அடுத்த தெரு மரத்துக்குப் போகும், வேறென்ன!

திராட்சைத் தோட்டக்காரனிடமே வௌவாலுக்கு வக்காலத்தா என்று கத்தாதே, கேள். அது பல சமயம் பழத்தைக் கவ்விக்கொண்டு தள்ளிப் போய், வேறொரு கிளையில் தொங்கிச் சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்பிவிட்டுக் கொட்டையைப் போடும். வாதாங்கொட்டை அளவுள்ளதைத் தூக்கிப் போக எத்தனை பறவைகளால் முடியும்? அத்தி, ஆல் மாதிரிப் பொடி விதை என்றால் விழுங்கிவிட்டு, கொஞ்ச நேரத்தில் பறந்தபடியே எச்சமிடும். பறவைகள் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் எச்சமிடும், அதனால் விதை அங்கேயே மரத்தடியில் விழும். காடு அழிந்து வெட்டவெளியான இடத்துக்கு விதை போய்ச் சேர இந்த ராத்திரிப் பறப்பு பெரிய உதவி. 1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்துப் பொட்டல் ஆன தீவுகளில் அத்தி மரங்கள் மறுபடி வந்ததில் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவ்வளவு தூரம் எதற்கு, உங்கள் போடிப் பக்கத்து இலவம் பூ இருட்டிய பிறகு விரிகிறதே, தேன் குடிக்க வருவது யார்? இலுப்பைக்கும் அதே ஆள்தான். மேகமலையில் 1948-ல் பிடித்த ஒரு பழந்தின்னியை ஏதோ சாதாரண வகை என்று எடுத்து வைத்துவிட்டார்கள். 1972-ல்தான் அது தனி இனம் என்று கண்டுபிடித்து, பறவை ஆய்வாளர் சலீம் அலி பெயரை வைத்தார்கள். உன் தோட்டத்திலிருந்து நிமிர்ந்தால் தெரியும் மலையடா அது!

அதே 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் பழந்தின்னிகளை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலே 2022 திருத்தத்தில்தான் போனது. ஐம்பது வருஷம் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றிருந்த உயிர், பெரிய வகையில் தாய்க்கு வருஷத்துக்கு ஒரே குட்டி. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

உன் நஷ்டமும் நிஜம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் திராட்சைக்கு மேல் தொளதொளவென்ற வலையைப் போட்டால் வௌவால் சிக்கிச் சாகும், அப்புறம் வலையும் கிழியும். கண் சின்னதாகப் பார்த்து இழுத்துக் கட்டு.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். கிளையைக் கழித்துவிட்டு, கார் நிற்கும் இடத்துக்குக் கூரை போடலாம் என்று கேட்கப் போகிறேன், என் பங்குப் பணத்தை முன்னாலேயே கட்டிவிடுகிறேன். உங்கள் ஊரில் பந்தல் போடும் ஆள் என்ன விலை சொல்வார் என்று விசாரித்து உடனே எழுது.

அன்புடன்,
சேகர்