யானைக்கால் நோய் காலோடு நிற்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் யானைக்கால் நோய் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முழுக்கக் காலைப் பற்றியே பேசிவிட்டு ஆண்களின் விரைப்பையை ஒரு வரியில்கூடத் தொடாமல் விட்டது பெரிய குறை. அந்த நோயைத் தரும் நூல் போன்ற புழுக்கள் ஆண்களிடம் விரும்பித் தங்குவதே விரைப்பையின் நிணநீர்க் குழாய்களில்தான், அதாவது திசுக்களில் சேரும் நீரை வடித்துக் கொண்டுபோகும் குழாய்களில். வருடக்கணக்கில் அங்கேயே உயிரோடு கிடந்து குழாயைக் கெடுத்துவிடும், அப்புறம் விரையைச் சுற்றி நீர் கோத்து, ஊரில் ஓதம் என்கிறோமே, அந்த வீக்கம் வரும். உலகத்தில் சுமார் 2.5 கோடி ஆண்களுக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கால் வீங்கியவர்களைவிட இவர்கள்தான் அதிகம்.

கும்பகோணம் போல நம் செட்டிநாடு இந்த நோய்க்குப் பேர்போன இடமில்லை. ஆனால் தொழிலுக்காக வெளியூர் போய் இருந்துவிட்டு வருவது நமக்குப் புதிதா? தேவகோட்டையில் என் பெரியப்பா அப்படிக் கும்பகோணத்தில் பாத்திரக் கடையில் வெகுகாலம் இருந்தவர். ஊர் திரும்பிய பிறகு கண்மாயில் குளிப்பதை நிறுத்தினார், வேட்டியை மடித்துக் கட்டுவதை நிறுத்தினார், நடக்கவே சிரமப்பட்ட பிறகுதான் பெரியம்மாவுக்கே விஷயம் தெரிந்தது. கெட்ட பழக்கத்தால் வந்தது என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம்தான் அவரைக் கட்டிப் போட்டிருந்தது. இது உடலுறவால் பரவுவதே இல்லை, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடித்து வருவது. அரசு தரும் டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகள் ரத்தத்தில் உள்ள குட்டிப் புழுக்களைத்தான் முக்கியமாக அழிக்கும், ஏற்கெனவே கோத்த நீரை வற்ற வைக்காது, அதற்கு ஒரு சிறிய ஆபரேஷன் வேண்டும். பெரியப்பாவும் அதைச் செய்துகொண்டு நன்றாக நடமாடினார்.

வீக்கம் எல்லாமே புழுவால் வருவதில்லை, குடலிறக்கமாகவோ கட்டியாகவோ இருக்கலாம், ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும். திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அப்போது மணிக்கணக்கில்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆப்பிரிக்காவில் வேலை பார்த்து அங்கே ஏரியில் குளித்தவர்களுக்கு விந்தில் ரத்தம் கலந்து வந்தால் அது நத்தை வழியே நீரில் பரவும் இன்னொரு புழுவாக இருக்கலாம், அதற்கும் மாத்திரை இருக்கிறது. எந்த ஊரில் இருந்தோம் என்பதை டாக்டரிடம் நாமாகவே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் உள்ளூர் டாக்டருக்கு இந்தப் புழுக்கள் நினைவுக்கு வருவது கஷ்டம்.

இதையெல்லாம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு டாக்டரை வைத்து, படத்தோடு, மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். நேரில் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி