நமது படிப்பகச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இந்த அறிக்கையை நகலெடுத்து வீடு வீடாகப் போடப்போகிறோம், அவர்களும் படிக்கக்கூடும்.

முதலில் வழக்கமான நிகழ்ச்சிகள். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். டிசம்பரில் கண் பரிசோதனை முகாம் நடந்தது, 63 பேர் வந்தார்கள். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. பரிசுப் பாத்திரங்கள் போன வருஷம் மீந்தவை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடர்ந்தது. ஒரு மின்விசிறி மாற்றினோம். மறைந்த உறுப்பினர்கள் மூவருக்கு அஞ்சலி செலுத்தினோம். செயற்குழு 9 முறை கூடியது. கூட்டினோம் என்று சொல்வதுதான் சரி. அதில் 4 முறைதான் ஏழு பேர் தேறினார்கள்.

அடுத்து, இந்த ஆண்டின் முக்கியப் பணியாகிய மில் வரலாற்றுப் பலகைகள். இதைப் பற்றி வெளியே பல விதமாகப் பேசப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னைப் பெரம்பூரில், நம் படிப்பகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், இந்தியாவிலேயே பெயர்பெற்ற நூற்பாலைகள் இருந்தன. பக்கிங்காம் மில் 1876-இல் தொடங்கியது, அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் கர்நாடிக் மில். இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி; சேர்த்து பி அண்ட் சி மில் என்பார்கள். 1996-இல் மூடினார்கள். சங்கு சத்தம் நின்று 29 வருஷம் ஆகிறது. இடத்தில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. நம் மாலை வகுப்புப் பையன் ஒருவனிடம் பி அண்ட் சி மில் என்றால் என்ன என்று கேட்டேன், "பஸ் ஸ்டாப்பா சார்?" என்றான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பலகைகளின் தொடக்கம் அதுதான். எனக்குப் பெயர் வரவேண்டும் என்று இதை எடுத்துச் செய்ததாகச் சிலர் பேசுவது என் காதுக்கும் வந்தது. பலகைகளில் எங்கேயாவது என் பெயர் இருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

பலகைகளுக்கு முன்னோட்டமாகச் சனிக்கிழமைப் பேச்சு என்று ஒன்றை ஆரம்பித்தேன். சனிக்கிழமைக்குக் காரணம் உண்டு. 1918 மார்ச் 2-ஆம் தேதி பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் முன்னால் திரு.வி.க. பேசினார். ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்திய நாட்டில் ஒழுங்கான அமைப்போடு எழுந்த முதல் தொழிற்சங்கம் என்று பெயர் வாங்கிய சங்கம் அது. இரண்டு நாளும் சனிக்கிழமை. போன ஆண்டும் ஏப்ரல் 27 சனிக்கிழமையாகவே அமைந்ததால் அன்றே முதல் பேச்சை வைத்தோம். 22 பேர் வந்தார்கள். அடுத்த பேச்சுக்கு 14, அதற்கடுத்து 9, கடைசியில் 6. அந்த ஆறில் ஒருவர் மின்விசிறி ரிப்பேருக்கு வந்தவர்.

சென்னைத் தொழிலாளர் சங்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் பேச்சு. செல்வபதி செட்டியார் துணி வியாபாரி, இராமானுஜலு நாயுடு அரிசி வியாபாரி. இருவருக்கும் மில்லில் வேலை இல்லை. வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்தி சபையை நடத்தி வந்தார்கள். அங்கே கதை கேட்க வந்த மில்காரர்கள், கதை முடிந்ததும் தங்கள் கதையைச் சொன்னார்கள். சாப்பாட்டு நேரம் போதவில்லை, மேலதிகாரி அடிக்கிறான், கேட்க நாதியில்லை. இதைக் கேட்டுவிட்டு இருவரும் அன்னி பெசன்ட் நடத்திய நியூ இந்தியா பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், அங்கே பணியாற்றிய பி.பி.வாடியாவைப் பிடித்தார்கள். அவர் பம்பாய்ப் பார்சி, தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் பேசினார், கூட்டத்துக்குத் தமிழாக்கிச் சொன்னார்கள். அவர் தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவரானார். ஒரு பஜனை மடமும் ஒரு அரிசிக் கடையும் இல்லையென்றால் இந்த ஊரில் தொழிற்சங்கம் இன்னும் சில வருஷம் தள்ளிப்போயிருக்கும் என்பது என் கட்சி.

நமது துணைத்தலைவர் தூத்துக்குடிக்காரர். நடுவில் எழுந்து, 1908-லேயே எங்கள் ஊர்க் கோரல் மில்லில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் வேலைநிறுத்தம் நடத்திக் கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள், பெரம்பூருக்கு என்ன பெரிய பெருமை என்றார். உண்மைதான். அதற்கும் ஒரு பலகை வைத்திருக்கிறோம். அதைப் பார்க்க அவர் இன்னும் வரவில்லை.

இரண்டாவது பேச்சு வேலை நேரம். பலகையில் பிள்ளைகள் அதிகம் நிற்பது இந்த இடத்தில்தான். 1881 தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. 7 முதல் 12 வரை ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். 1891-இல் வயதை 9 ஆக்கி, 14 வயது வரை ஏழு மணி நேரம் என்றார்கள். பெண்களுக்குப் பதினொரு மணி நேரம். ஆண்களுக்கு அப்போதும் வரம்பே கிடையாது. 1911-இல்தான் பஞ்சாலைகளில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று ஒரு எல்லை வந்தது. 1922-இல் அது பதினொன்று, 1934-இல் பத்து. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற கணக்கு வர 1946 ஆகிவிட்டது. இதைப் படித்த நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அந்தப் பசங்களுக்கு இன்டர்வெல் விடுவாங்களா தாத்தா?" பொருளாளர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். செலவைப் பற்றி அன்றைக்கு மட்டும் அவர் எதுவும் பேசவில்லை.

இதே பேச்சில் 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பன்னிரண்டு மணி நேர மசோதாவைப் பற்றி விவாதம் எழுந்தது. குரல் உயர்ந்தது. சங்கம் கட்சி சார்பற்றது என்று நான் நினைவூட்டியதும் டீ வந்துவிட்டது.

மூன்றாவதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. 1918-இல் தொழிலாளர்கள் வைத்த முதல் கோரிக்கைகளில் ஒன்று மத்தியான இடைவேளை பற்றியது. அரை மணி நேரம்தான் விட்டார்கள். 40 நிமிஷமாவது வேண்டும் என்று கேட்டார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு சங்கமா என்று ஒருவர் சிரித்தார். சரி, செய்தே பார்ப்போம் என்றேன். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஐந்து பேர், கையில் டிபன் பாக்ஸோடு, மில் சுவர் இருந்த முனையில் நின்றோம். என் பேரன் செல்போனில் நேரம் வைத்தான். படிப்பகம் வரை நடை. வாசலில் ஒரே குழாய், ஐந்து பேர் கை கழுவ வேண்டும். உட்காரத் தரை. ஒருவருக்குப் பாக்ஸ் மூடி இறுகிக்கொண்டது. இன்னொருவர் புளிசாதத்தை மென்று முடிப்பதற்குள் தண்ணீர் தீர்ந்தது. பாக்ஸைக் கழுவாமலே எழுந்து முனைக்குத் திரும்பினோம். 43 நிமிஷம். இத்தனைக்கும் எங்களில் யாரும் காலையிலிருந்து தறி முன்னால் நின்றுவிட்டு வரவில்லை. காதில் பஞ்சு அடைத்திருக்கவில்லை. தாமதமானால் கூலி வெட்டும் கிடையாது. சிரித்தவர் அந்த ஐந்து பேரில் ஒருவர். அன்று சாயந்திரமே மூன்று வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டினார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான்காவது பேச்சில்தான் தகராறு. 1921 பற்றியது.

அதற்கு முன்னால் 1920-ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மில்லில் கதவடைப்பு. கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா மேலும் மற்றவர்கள் மேலும் வழக்குப் போட்டது, வேலையாட்களைத் தூண்டி ஒப்பந்தத்தை மீற வைத்தார்கள் என்று. நீதிமன்றம் தடை போட்டது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்ற சமாதானத்தில் முடிந்தது. சங்கம் நடத்துவதே குற்றமா என்ற கேள்வி டெல்லி வரை போய், தொழிலாளர் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அந்தச் சட்டம். நமது செயற்குழுவில் பதினோரு பேர் இருக்கிறோம். ஏழு பேர் சேர்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்தச் செயலாளருக்குத் தெரிந்த அளவு அந்தச் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது.

1921 மே மாதம் கர்நாடிக் மில்லில் வேலை நின்றது. ஜூனில் பக்கிங்காமும் சேர்ந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். எம்.சி.ராஜா போன்ற அவர்களுடைய தலைவர்கள் வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்ற நிலையில் இருந்தார்கள். கூலி நின்றால் மறுநாள் அடுப்பெரியாத வீடு; கூட வேலை செய்கிறவன் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாத நிலையில் அவனுடைய சங்கத்தை மட்டும் நம்பிப் பட்டினி கிடப்பது எப்படி? ஜூன் 28-ஆம் தேதி புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மோதல். ஆகஸ்ட் 29-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. திரு.வி.க.வை நாடு கடத்துவதாக கவர்னர் வில்லிங்டன் மிரட்டினார். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

சுடப்பட்டவர்கள் பலகை இருக்கட்டும், குடிசை எரிந்த பலகை வேண்டாம் என்று செயற்குழுவில் மூவர் சொன்னார்கள். பழைய ரணத்தை ஏன் கிளறணும், தெருவில் ஒற்றுமையாக இருக்கிறோம், பார்க்கிற பிள்ளைகள் என்ன நினைக்கும் என்றார்கள். ஒன்றை வைத்து இன்னொன்றை விட்டால் அது வரலாறு இல்லை, கல்யாண ஆல்பம் என்று நான் சொன்னேன். கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன். அதற்கு வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். பலகைக்கு வருத்தம் இல்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன. புளியந்தோப்பிலிருந்து வந்த ஒரு பெரியவர் அந்தப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். "இதை எழுதினது யாரு?" என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மறுத்த மூவரும் அதன்பின் செயற்குழுவுக்கு வரவில்லை. அவர்கள் வர வேண்டும் என்றே விரும்புகிறேன்.

வரவு செலவு. விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததை விடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததை விடக் கொஞ்சம் கூடுதல், கையிருப்பு வாடகைக்குக் காணும். பலகைகளுக்குச் செயற்குழு ஒதுக்கியதைத் தாண்டிச் செலவானது உண்மை. தாண்டியதில் பெரும்பகுதியை நானே போட்டிருக்கிறேன். அதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை, அறிக்கையில் பதிவாகட்டும் என்றுதான் குறிப்பிடுகிறேன். பிளெக்ஸில் அடித்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும் என்ற வாதம் சரியே; மழைக்காலம் முடிந்ததும் வெளுத்திருக்கும் என்பதும் சரியே.

சந்தா பற்றி. பட்டியலில் 84 பேர். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். கட்டியவர்கள் 37. "ஜிபே பண்ணிடறேன் சார்" என்றவர்கள் 29 பேர்; அவர்களுக்காகவே ஸ்கேன் செய்யும் அட்டையை வாசலில் ஒட்டினோம், அதில் இதுவரை விழுந்தது இரண்டு சந்தா. மீதிப்பேர் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிறார்கள். எனக்கு வயது 67, சாலையைக் கடந்து துரத்த முடியாது. அம்பத்தூரில் லேத் பட்டறையில் இருந்த காலத்தில், சம்பள நாளன்று கேட்டருகே நின்று சங்கச் சந்தா வாங்கியவன் நான். அப்போதும் நழுவுகிறவர்கள் உண்டு. ஆனால் நழுவும்போது ஒரு கூச்சம் இருக்கும். இப்போது கையசைத்துவிட்டுப் போகிறார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: இடத்தைக் குறைந்த வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர், கண் முகாம் மருத்துவர்கள், கோலப்போட்டி நடுவர்கள், பலகைகளுக்கு மரச்சட்டம் அடித்த ஆசாரி, மாலை வகுப்பு ஆசிரியைகள் இருவர், டீக்கடை நண்பர், தலைவர் அவர்கள். விடுபட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அடுத்த ஆண்டு. மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்க்கப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போக எண்ணம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் திறந்த சிலை அது. ஒரு பாறையை நாலு பேர் நெம்புகிறார்கள். ஒருவர் கையை எடுத்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளிடம் கேட்கலாம். முக்கியமான வேலை வேறு. மில்லில் வேலை செய்தவர்களில் இன்னும் சிலர் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வைக்க வேண்டும். போன ஆண்டு மறைந்த மூவரில் இருவர் மில்காரர்கள். ஒருவரிடம் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த வாரம் சந்தா வசூலுக்குப் போய்விட்டேன்.

செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொள்வதாக இருந்தால் சாவி, முத்திரை, மினிட்ஸ் புத்தகம் எல்லாம் தயாராக இருக்கின்றன. ஏழு வருஷமாக இதே வாக்கியத்தை வாசிக்கிறேன் என்று யாரோ பின்னால் சொல்வது கேட்கிறது. எட்டாவது வருஷமும் வாசிக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. கேட்க ஆள் இருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் டீ உண்டு. ரசீதுப் புத்தகம் வாசல் மேசை மேல் இருக்கிறது, பக்கத்தில் எழுதுகிற பேனா இருக்கிறது, 200 ரூபாய்க்குச் சில்லறையும் வைத்திருக்கிறேன். ராத்திரி எட்டு வரை அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்